அரையன் கல்

கல் பொய் சொல்லாது என்று இனி யாராவது என் எதிரில் வந்து சொல்லட்டும், நன்றாகக் கேட்டு அனுப்புவேன். கல் பொய் சொல்லாதுதான். கல்லைத் தூக்கி வைக்கிற கை இருக்கிறதே, அது சொல்லும். அதைச் சொன்னதற்காகத்தான் இப்போது எங்கள் வகையறாவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் போகட்டும், எனக்கும் வாய் வலி மிச்சம்.

என் பெயர் தையல்நாயகி. கோயில் கட்டடங்களை அளந்து சான்று கொடுப்பது என் தொழில். ஊர் திருக்கொன்றைவாயில், காவிரிக்கு வடகரை. எங்கள் கோயில் முதலில் செங்கல்லாய் இருந்து, சோழர் காலத்தில் பிரித்துக் கல்லால் கட்டப்பட்டது. கருவறை, அதன் மேல் இரண்டு தள விமானம், முன்னால் ஒரு மண்டபம், அவ்வளவுதான். ராஜகோபுரம் எல்லாம் கிடையாது. ஆனால் கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் பட்டை பட்டையாய்ச் செதுக்கிய கல்வரிசை ஒன்று ஓடுகிறது. குமுதம் என்பார்கள். யார் வயல் கொடுத்தார், யார் விளக்குக்கு ஆடு விட்டார், யார் திருடித் தண்டம் கட்டினார் என்று ஊரின் கதை முழுவதும் அதில் வெட்டியிருக்கிறது.

அதை நம் ஜனம் எப்படிக் காப்பாற்றியது தெரியுமா? மேலே எண்ணெய் தடவியது. சுண்ணாம்பு அடித்தது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மணலைப் பீய்ச்சித் தோலை உரித்தது. ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சமே வெளியில் வராதபடி உபயம் இன்னார் என்று அதன் மேல் பெயர் எழுதத் தெரிந்த ஊர், ஆயிரம் வருஷத்து எழுத்தைப் படிக்க மட்டும் நேரமில்லாமல் இருந்தது.

அப்புறம் சாசனி வந்தது. ஒரு சின்னப் பெட்டி. உளி விழுந்த இடத்தில் கல் உள்ளுக்குள் நசுங்கியிருக்கும், மேலே எழுத்து தேய்ந்து மழமழவென்று ஆனாலும் உள்ளே இருக்கும் நசுங்கல் போகாது. சாசனி அதைப் படித்துவிடும். படித்துவிட்டு, எந்த ஊர், இன்றைக்கு எந்தச் சர்வே எண், எந்த வகையறா என்று அதுவே கண்டுபிடித்தும் சொல்லும். எங்களைப் போன்றவர்களுக்கு அது வந்த வருஷம் கொண்டாட்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பின்னாலேயே சாசனச் சட்டம் வந்தது. கல்லில் என்ன வெட்டியிருக்கிறதோ அது இன்றும் செல்லும் என்பதுதான் சட்டம். கோயில் நிலத்தை வளைத்துத் திருமண மண்டபம் கட்டியவர்கள் ஓடினார்கள். தூர்த்த குளங்கள் திரும்பி வந்தன. ஊரே கை தட்டியது. இதில் லஞ்சம் இல்லை, சிபாரிசு இல்லை, இயந்திரமே படிக்கும், இயந்திரமே உத்தரவு போடும் என்று மேடைக்கு மேடை பேசியவர் வேறு யாருமில்லை, என் சித்தப்பா திருஞானம். எங்கள் கோயிலின் அறங்காவலர் தலைவர். மாநில அறங்காவலர் சங்கத்துக்கும் அவரே தலைவர். சட்டம் வருவதற்காக அவர் சென்னைக்கு அலைந்த அலைச்சலை நான் கண்ணால் பார்த்தவள்.

நிலத்தை மட்டுமா கல்லில் வெட்டினார்கள்? பஞ்சகாலத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்ட குடும்பங்களும் கல்லில் உண்டு. நானும் என் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும், சூரிய சந்திரர் உள்ளவரை. அதையும் சாசனி படித்தது. அதற்கும் உத்தரவு போட்டது. ஊர் தட்டிய கையை இறக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் காலையில் சித்தப்பா என் அலுவலகத்துக்கு வந்தார்.

"தையலு, கருவறைக்குப் பின்பக்கச் சுவத்துல ஒரு கல்வெட்டு கிடைச்சிருக்கும்மா. சாசன மன்றத்துல மனு குடுத்தாச்சு. நீ இடச் சான்று போட்டுக் குடுத்துட்டா உத்தரவு வந்துரும்."

இயந்திரம் எல்லாவற்றையும் படிக்கும். ஆனால் கல் முதலில் கட்டிய இடத்திலேயே இருக்கிறதா, நடுவில் யாராவது இடம் மாற்றினார்களா என்று அதற்குத் தெரியாது. அதை மட்டும் ஒரு மனிதர் சொல்ல வேண்டும். அந்த மனிதர் நான்.

"என்ன கல்வெட்டு?" என்றேன்.

"சாத்தன்னு ஒருத்தன், குடும்பத்தோட தன்னை வித்துக்கிட்டிருக்கான். நெல்லு குத்த, முற்றம் பெருக்க."

"சாத்தன் வகையறான்னா மாரிக்கண்ணு குடும்பமில்ல? திருவிழாவுல தீவட்டி பிடிக்கிறவங்க."

"ஆமா, அவங்கதான். நாமளா தேடிப் பிடிச்சோம்? கல்லு சொல்லுது."

"மனுஷியை அடிமையாக்கப் போறீங்க சித்தப்பா."

"யாரு அடிமைன்னு சொன்னா? சேவை. சட்டத்துல அடிமைங்கிற வார்த்தையே கிடையாது, வேணும்னா எடுத்துப் பாரு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து அடித்துவிடலாமா என்று வந்தது. என் அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். அந்த ஒரு காரணத்துக்காக டம்ளர் டம்ளராகவே இருந்தது.

மாரிக்கண்ணு பேருந்து நிலையத்துக்கு எதிரில் வண்டி பேட்டரி மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். கணவர் இல்லை. ஒரே மகள் மதியழகி. தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலைக்குத் தேர்வாகி, வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். மன்றத்தில் மனு பதிவானாலே, உத்தரவு வருவதற்கு முன்பே, வகையறா முழுவதும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அடையாள அட்டையைக் காட்டினால் பஸ் கதவு திறக்காது. அந்தப் பெண் இரண்டு முறை பெட்டியோடு போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

மாரிக்கண்ணு சித்தப்பாவைத் தேடி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சேவையிலிருந்து ஒருவருக்கு விலக்கு வேண்டுமென்றால், அந்தக் கோயிலில் முதல் மரியாதை பெறுகிறவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், சட்டம் அப்படி. எங்கள் கோயிலில் முதல் மரியாதை எங்கள் அரையன் வகையறாவுக்கு. திருவிழாவில் சாமிக்குச் சார்த்திய பட்டுத் துணியை முதலில் சித்தப்பா தலையில்தான் பரிவட்டமாகக் கட்டுவார்கள்.

"எனக்கு வேணாங்க. நான் பெருக்குறேன், குத்துறேன், என்னமோ செய்யிறேன். புள்ளைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க," என்றார் மாரிக்கண்ணு.

"உனக்குப் போட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்மா. கோயில் காரியம். என் சொந்த விஷயமா இருந்தா இந்நேரம் போட்டிருக்க மாட்டேனா?"

"உங்களுக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்குங்க."

"சுண்டல் சாப்பிட்டுட்டுப் போ," என்றார் சித்தப்பா.

மாரிக்கண்ணு சாப்பிடவில்லை. நானும் எழுந்துவிட்டேன்.

மறுநாள் சாசனியை எடுத்துக்கொண்டு கருவறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சான்று போட மறுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுத்தால் வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டுப் போவார். அதனால் அளந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

பின்சுவர்க் குமுதத்தில் அந்தக் கல்வெட்டு நீளமாக ஓடியது. நடுவில் ஒரு கல்லில் சாத்தன் என்ற பெயர். சாசனி கல்லின் உள்ளேயும் பார்க்கும் என்றேன் அல்லவா? அங்கே ஒரு வெள்ளை ரேகை தெரிந்தது. பாறையில் இயற்கையாக ஓடும் ரேகை. அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் ஒரே பாறையில் பிளந்த கற்களை அதே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள், அப்போதுதான் பொருத்து நன்றாக உட்காரும். இடப்பக்கக் கல்லில் ரேகை வந்தது. சாத்தன் கல்லில் இல்லை. அடுத்த கல்லில் மறுபடியும் வந்தது. பல் போன வாய் மாதிரி நடுவில் மட்டும் ஓட்டை.

அப்படியென்றால் இந்தக் கல் இங்கே பிறந்ததில்லை. இங்கே இருக்க வேண்டிய கல் வேறெங்கோ இருக்கிறது.

வெயிலில் அடித்தளம் முழுவதையும் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்பக்கம், தெற்கு வாசல் படிக்குப் பக்கத்தில் வந்ததும் என் கை நின்றுவிட்டது. அந்த இடம் எனக்குக் குழந்தையிலிருந்து தெரியும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முடியிறக்கினால் முதலில் அங்கேதான் விழுந்து கும்பிட வைப்பார்கள். அரையன் என்ற எங்கள் முன்னோர் பன்னிரண்டு வேலி நிலம் கொடுத்ததாகவும், அவர் வழியினருக்கே முதல் மரியாதை என்றும் சொல்லும் கல்வெட்டு. அதில் அரையன் என்ற பெயர் இருக்கிற கல்லுக்குள் அந்த வெள்ளை ரேகை ஓடியது. இரு பக்கத்துக் கல்லிலும் ரேகை இல்லை. பின்சுவர் ஓட்டையில் அந்த ரேகை மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

இரண்டு கல்லும் இடம் மாறியிருக்கின்றன. நிலம் கொடுத்தவர் சாத்தன். தன்னை விற்றுக்கொண்டவர் அரையன்.

யார் மாற்றினார்கள் என்று நான் தேடவே வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் பெருமையாகச் சொல்கிற கதை அது. அரசமர வேர் பாய்ந்து அடித்தளம் பிளந்தபோது எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் தன் செலவில் திருப்பணி செய்தார். "பின்னாடி யாருக்கும் தெரியாமக் கிடந்த நம்ம பேரை முன்னாடி கொண்டாந்து வெச்ச மகராசன்" என்பார்கள். மகராசனுக்குப் பழைய எழுத்து படிக்கத் தெரியாது. இதுதான் உங்கள் வகையறாப் பெயர் என்று யாரோ காட்டியிருக்கிறார்கள். வாசலில் நுழைகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று பெயர்க் கல்லைப் பெயர்த்து எடுத்து முன்னால் வைத்துவிட்டார். அங்கே இருந்த கல்லைப் பின்னால் கிடந்த பள்ளத்தில் செருகிவிட்டார். டியூப்லைட்டில் பெயர் எழுதுகிற புத்தி, டியூப்லைட் வருவதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

நேராக மாரிக்கண்ணு கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேட்டரியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தப் பன்னெண்டு வேலி எங்க ஆளு குடுத்ததா?"

"ஆமா. பரிவட்டமும் உங்களுக்குத்தான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்க சித்தப்பா கையில விளக்கமாறு பிடிக்கிறதைப் பாக்க எனக்கு ஆசைதான் இன்ஜினியரம்மா. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா ஒருநாள் பாக்கலாம். அப்புறம்?"

"அப்புறம் உங்க பொண்ணு தூத்துக்குடி போகும்."

"போகும். உங்க பேரு வந்தா நீங்கள்லாம் மறுநாளே சென்னை வரைக்கும் பேசி விலக்கு வாங்கிருவீங்க. நானும் தப்பிச்சேன், நீங்களும் தப்பிச்சீங்க. சட்டம் அப்படியே குத்துக்கல்லாட்டம் நிக்கும். அடுத்த ஊர்ல இன்னொருத்தி மாட்டுவா. அவளுக்கு ரேகை பாக்க நீங்க வருவீங்களா?"

"அதுக்காக?"

"கல்லு அதே இடத்துலதான் இருக்குன்னு சான்று போட்டுக் குடுத்துருங்க. சட்டமே செல்லாதுன்னு நான் கேஸ் நடத்துறேன். வக்கீலு சொல்லிட்டாரு, மாட்டுன ஆளு போட்டாத்தான் கேஸ் நிக்குமாம்."

"என்னைப் பொய்ச் சான்று போடச் சொல்றீங்களா? உங்க பொண்ணு வாழ்க்கை என்ன ஆகுறது?"

"அதைச் சொல்லி என்னை அழ வெக்காதீங்க," என்றார். அழவும் செய்தார்.

எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருக்கச் சொல்லி இவரிடம் யார் கேட்டார்கள்? நல்லவர்கள் தலையிலேயே மிளகாய் அரைப்பதுதானே இந்த ஊர் வழக்கம்.

"நான் பொய் எழுத மாட்டேன். விலக்கும் வாங்க மாட்டேன்," என்றேன்.

"நீங்க வாங்க மாட்டீங்க. உங்க சித்தப்பா?"

சாசனியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கோயில் முன்மண்டபத்தில் சாசன மன்றம் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி. அவர் மேசைமேல் சாசனி. ஒரு பக்கம் சித்தப்பாவும் அறங்காவலர்களும். எதிர்ப்பக்கம் மாரிக்கண்ணு, அவர் வக்கீல். மதியழகி வரவில்லை, பஸ் நிலையத்திலேயே பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள்.

தலைவர் என்னைக் கேட்டார். "கல் அதன் இடத்துல இருக்குதாம்மா?"

"இல்லைங்க," என்றேன். ரேகையைச் சொன்னேன். திருப்பணியைச் சொன்னேன். எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

சித்தப்பாதான் முதலில் எழுந்தார். நல்ல புத்திசாலி அவர். "ஐயா, என் அண்ணன் மகளே சொல்றா. கல்லுல குழப்பம் இருக்கு. நம்பறதுக்கில்ல. மனுவை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். மாரிக்கண்ணு வீட்டுக்குப் போகட்டும்."

தலைவர் முகத்தில் நிம்மதி வந்தது. "அதுதான் நல்லது. முடிச்சிரலாம்."

"எதை முடிக்கிறது?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "மாரிக்கண்ணு பேரு இருந்தா கல்லு சத்தியம். நம்ம பேரு வந்தா கல்லு குழப்பமா? நேத்து வரைக்கும் இந்தக் கல்லைக் காட்டித்தானே பரிவட்டம் கட்டிக்கிட்டீங்க?"

"தையலு, உட்காரு."

"உட்கார மாட்டேன். நீங்கதானே சொன்னீங்க, இதுல சிபாரிசு இல்ல, மனுஷன் கையே இல்லேன்னு. சான்று சொல்ல வேண்டியவ நான். சொல்லிட்டேன். இனிமே இயந்திரம் பேசட்டும்."

சரியான வரிசையை நான் காலையிலேயே சாசனிக்குள் கொடுத்துவிட்டிருந்தேன். சான்றாளர் வாயால் சொன்னதும் அதற்கு வேறு அனுமதி தேவையில்லை. யாருடைய மனுவும் தேவையில்லை. தலைவர் கை நீட்டுவதற்குள் அது படிக்கத் தொடங்கிவிட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் குரல் போல ஒரு குரல். அரையன் வகையறா, சூரிய சந்திரர் உள்ளவரை, நெல் குத்தவும் முற்றம் பெருக்கவும். பிறகு பெயர்கள் வந்தன. முதல் பெயர் திருஞானம். கொஞ்சம் தள்ளி என் பெயர். சரி என்று தெரிந்து செய்தாலும் விற்கப்பட்டது விற்கப்பட்டதுதான்.

மாரிக்கண்ணுவின் செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "ஏறிக்கோ. திரும்பிப் பாக்காத. போய்ட்டுப் பேசு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷம் ஒரே நிமிஷத்தில் கூடிப்போன மாதிரி இருந்தார். தன் சின்ன மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் இருக்கிறாள், அவள் வீட்டுக்கு வர பஸ் ஏற முடியுமா என்று யாரையோ கேட்டார்.

"விலக்குக்கு வழி இருக்கே ஐயா," என்றார் தலைவரிடம். "முதல் மரியாதைக்காரர் சம்மதிச்சா விலக்கு உண்டு. நானே எங்க எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டுடறேன்."

தலைவர் சாசனியைப் பார்த்தார். அது சாவகாசமாக அடுத்த வரியைப் படித்தது. நிலம் கொடுத்தவர் சாத்தன். முதல் மரியாதை சாத்தன் வகையறாவுக்கு. இன்று அந்த வகையறாவில் மூத்தவர் மாரிக்கண்ணு.

மண்டபத்தில் யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். சித்தப்பா எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தார். இருபதடி தூரம்கூட இருக்காது. அவருக்கு அது திருவையாறு தூரமாக இருந்திருக்கும்.

"மாரிக்கண்ணு," என்றார். பிறகு, "அம்மா," என்றார். "விலக்குப் பத்திரத்துல ஒரு கையெழுத்து."

மாரிக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சுண்டல் சாப்பிடச் சொல்லியிருப்பேன். அவர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. வக்கீலைப் பார்த்துத் திரும்பினார்.

"சார், சட்டமே செல்லாதுன்னு ஒரு மனு எழுதியிருந்தீங்கள்ல, அதை எடுங்க. அதுல என் பேரை அடிச்சிட்டு இவங்க பேரை முதல்ல போடுங்க. சங்கத் தலைவர்ங்கிறதையும் சேத்து எழுதுங்க."

"அது நான் கொண்டுவந்த சட்டம்மா," என்றார் சித்தப்பா.

"தெரியுங்க. அதான் உங்க பேரு."

வக்கீல் எழுதித் திருத்தி மேசைமேல் வைத்தார். சித்தப்பா அதை முழுவதும் படித்தார். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார். கல்லில் பேர் உள்ள ஒருவருக்கும் இந்தச் சட்டம் செல்லாது என்று மட்டும்தான் இருந்தது.

"இதுல போட்டா நீ அந்த விலக்குல போடுவியா?" என்று கேட்டார்.

"இந்தச் சட்டம் செத்துப்போச்சுன்னா விலக்கு எதுக்குங்க?" என்றார் மாரிக்கண்ணு.

சித்தப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் பேனா மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.